ரெகொபெயாமின் மூன்று நாள்

ஏசா ஒரு கலயம் பயற்றங்கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்றான். லோத்து கண்ணுக்குப் பசுமையாய்த் தெரிந்த சமவெளியைத் தெரிந்துகொண்டு சோதோமின் வாசலில் போய்க் குடியேறினான். சிம்சோன் காக்கவேண்டிய மறையை ஒருத்தியின் மடியில் தலைவைத்து உளறினான். கள்ளிக்காடு முதல் பாறசாலை வரை, களியக்காவிளையைக் கடந்து குழித்துறை வரை, இம்மூவரையும் அறியாத கிறித்தவக் குடும்பம் அரிது. அருளுரை மேடைகளில் இவர்கள் மூவரும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: ஒரு நொடியின் மதியீனம் ஒரு வாழ்நாளைத் தின்றுவிடும், ஆகவே இளைஞர் திருமணத்தில் அவசரப்படலாகாது, பிறர் கடனுக்குப் பிணை நிற்கலாகாது, கூடா நட்பை விலக்கவேண்டும்.

பாடம் பொய்யன்று. ஆயினும், அது விவிலிய ஞானத்தின் பாதி. மறுபாதியை மறைத்து நிற்கும் பாதி. மதியீனமான முடிவு என்றதும் தனிமனிதனின் சபலத்தை மட்டுமே நினைக்கப் பழகிய மனம், அரசு எடுக்கும் மதியீனமான முடிவை விதி என்று எண்ணிக்கொள்கிறது. குடித்துக் கெட்டவனுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஒரு கோட்டைக் கிழித்து ஒரு நிலப்பரப்பின் மொழியையும் நீரையும் இரண்டாக்கிய முடிவுக்குப் பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. இக்குறை மேடைக்கு மட்டும் உரியதன்று. இறையியல் கல்லூரிகளின் ஞான இலக்கிய வகுப்புகளிலும், பல்கலைக்கழகங்களின் எல்லை ஆய்வுக் கருத்தரங்குகளிலும் இதே பிளவு வேறு உடையில் நடமாடுகிறது. முன்னவர்களுக்கு ஞானம் உண்டு, நிலம் இல்லை; பின்னவர்களுக்கு நிலம் உண்டு, அதைத் தீர்ப்பிடும் சொல் இல்லை.

முதலில் நூலின் தன்மையை நினைவில் கொள்ளவேண்டும். நீதிமொழிகளின் ஒரு பெரும் பகுதி, யூதாவின் அரசன் எசேக்கியாவின் ஆட்கள் படியெடுத்தது என்று அந்நூலே சொல்கிறது. அதன் இறுதி அதிகாரம் ஓர் அரசனுக்கு அவன் தாய் சொன்ன அறிவுரையோடு தொடங்குகிறது. வாயில்லாதவருக்காக வாய் திறக்கவேண்டும் என்பது அவ்வறிவுரையின் உச்சம். அரசவையில் தொகுக்கப்பட்டு, ஆளப்போகிறவர்களையும் முன்னிறுத்திய இலக்கியம் இது. தமிழ் மரபும் இதையே செய்தது. வள்ளுவர் பேதைமையையும் புல்லறிவாண்மையையும் 84, 85 ஆகிய அதிகாரங்களாக வைத்தது பொருட்பாலில். அறத்துப்பாலின் இல்லறத்தில் அன்று. ஆராய்ந்து செயலில் இறங்கும் முறையைச் சொல்லும் தெரிந்து செயல்வகை, அரசியல் என்னும் இயலின் உறுப்பு. மடமை வீட்டுக்குள் முடிவதன்று, நாட்டைத் தொடுவது என்ற உணர்வு இரு மரபுகளுக்கும் பொது.

அடுத்து, சொல். எபிரேயத்தில் மூடனைக் குறிக்க ஒரு சொல் மட்டும் இல்லை. ‘பெதி’ என்பவன் கதவு திறந்து கிடக்கும் வீடு போன்றவன். யார் சொன்னாலும் நம்புவான், ஆனால் கற்றுக்கொள்ளவும் செய்வான். ‘கெசீல்’ தன் எண்ணத்திலேயே இறுகிப்போனவன். ‘லேட்ஸ்’ திருத்த வருபவரை எள்ளி நகைப்பவன். நீதிமொழிகள் கைவிடும் ஆள் இவனே. தமிழ் விவிலியம் பேதை, மூடன், மதியீனன், பரியாசக்காரன் என்று பல சொற்களை வைத்திருப்பினும், வாசிப்பவர் காதில் எல்லாம் ‘அறிவில்லாதவன்’ என்ற ஒரே பொருளாய்க் கரைந்துவிடுகின்றன. மூலத்தின் வரிசையோ அறிவின் அளவைப் பற்றியதன்று, செவியின் நிலையைப் பற்றியது. பேதை கேட்பான்; மூடன் கேட்கமாட்டான்; பரியாசக்காரன் கேட்பவனையும் கெடுப்பான்.

இதற்குச் சான்று சாலொமோனின் வேண்டுதல். அரியணை ஏறிய புதிதில் அவன் கடவுளிடம் கேட்டது, எபிரேயச் சொல்லுக்குச் சொல், ‘கேட்கும் இதயம்’. மக்களின் வழக்கைக் கேட்டு நன்மை தீமை பிரிக்கும் இதயம். தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு அதை ஞானம் நிறைந்த இதயம் என்ற பொருளில் தந்தது. பொருள் முற்றிலும் பிழை அன்று. ஆனால் செவி மறைந்துவிட்டது. கேட்பது ஒரு வினை, மற்றொருவர் பேசினால்தான் நிகழும். ஞானமோ ஒருவர் தனியே வைத்துக்கொள்ளத்தக்க உடைமை போல் ஒலிக்கிறது. இத்தனைக்கும் இதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ‘கேள்வி’ என்ற ஒரே சொல்லில் செவிகொடுத்தலையும், செவிவழிப் பெற்ற கல்வியையும், வினவுதலையும் சேர்த்து வைத்த மொழி இது. குறளின் 42ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். நீதிமொழிகளின் தொடக்கத்தில் பேதைக்குக் கிட்டவேண்டிய விவேகத்தை ‘வினா’ என்றே தமிழ் விவிலியம் குறித்ததும் இம்மரபின் தொடர்ச்சி. அங்கே கிடைத்த சொல்வளம் சாலொமோனின் வாயில் கிடைக்கவில்லை.

இந்தச் செவியின் வரலாறு அடுத்த தலைமுறையில் முறிகிறது. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேமுக்குப் போகிறான். யெரொபெயாமும் மக்களும் வந்து ஒரு விண்ணப்பம் வைக்கிறார்கள்: உன் தந்தை எங்கள் மேல் வைத்த நுகம் கடினம், அதை இலகுவாக்கு, உன்னைச் சேவிப்போம். அவன் மூன்று நாள் தவணை கேட்கிறான். தந்தையின் அவையில் நின்ற முதியோரிடம் ஆலோசனை கேட்கிறான். இன்று நீ இம்மக்களுக்குப் பணிந்தால் அவர்கள் என்றும் உன்னவர் என்கிறார்கள். பின்னர்த் தன்னோடு வளர்ந்தவர்களிடம் கேட்கிறான். இன்னும் கடினமாகப் பேசு என்கிறார்கள். இரண்டாம் சொல்லை எடுத்துக்கொள்கிறான். பத்துக் கோத்திரங்கள் பிரிகின்றன. கட்டாய வேலைக்கு மேற்பார்வையாளனான அதோராமை அவன் அனுப்ப, மக்கள் கல்லெறிந்து கொல்கிறார்கள். அரசன் தேரேறி எருசலேமுக்கு ஓடுகிறான். பிரிந்த நாடு மீண்டும் சேரவே இல்லை. இரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 722 அளவில், வடபகுதி அசீரியரிடம் வீழ்ந்தது.

இக்கதையில் மூன்று நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அரசனின் வயது. ஆளத் தொடங்கியபோது அவனுக்கு நாற்பத்தொன்று என்கிறது நூல். அவனோடு வளர்ந்தவர்களும் அவ்வயதினரே. ஆயினும் எபிரேயக் கதைசொல்லி அவர்களைக் குறிக்க எடுத்த சொல் சிறுபிள்ளைகளுக்குரியது. ‘வாலிபர்’ என்ற தமிழில் அந்தக் குத்தல் மழுங்கிவிட்டது. இரண்டாவது, ரெகொபெயாம் ஆலோசனை கேளாதவன் அல்லன். இருமுறை கேட்டான், மூன்று நாள் எடுத்துக்கொண்டான். அவசரப்பட்டதால் கெட்டான் என்று அவனை மேடையில் நிறுத்துவது தவறு. அவன் நிதானமாகக் கெட்டான். முன்பே எடுத்த முடிவுக்கு ஆள் தேடியதே அந்த மூன்று நாளின் வேலை. மூன்றாவது, நுகத்தைச் செய்தவன் ஞானியான சாலொமோன். கோவிலும் அரண்மனையும் கட்டிய கட்டாய உழைப்பே மகனின் காலத்தில் வெடித்தது. ஞானி ஒருவன் விட்டுச்சென்ற சுமையை மூடன் ஒருவன் பெருக்கினான். மதியீனமான முடிவு ஒரு நபரின் குணக்கேடு என்ற எளிய விளக்கம் இங்கே நிற்காது. அது ஒரு நிறுவனத்தின் கேளாமை, தலைமுறை கடந்து சேர்வது.

இந்தக் கண்ணோடு நெய்யாற்றங்கரையைப் பார்க்கவேண்டும்.

கள்ளிக்காடு என்ற பெயரை எடுத்துக்கொள்வோர் அதைத் தமிழ் என்பர், மலையாளம் என்பர், இருவரும் சரி. கள்ளியும் காடும் இரு மொழிகளுக்கும் சொந்தம். ஈற்று உகரத்தை எப்படி ஒலிப்பது என்பதில்தான் வேறுபாடு, அதுவும் பேசுபவரைப் பொறுத்தது. இப்பகுதியில் லண்டன் மிஷன் பாறசாலையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பணிவட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் நடத்தியது. அதன் ஊழியர்கள் தமிழிலும் மலையாளத்திலும் பேசவேண்டியிருந்தது. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது முதல் வளர்ந்த அம்மிஷனின் சபைகள், ஒரே சமஸ்தானத்தின் ஒரே தொடர்நிலத்தில் பரவின. தோவாளையில் தொடங்கி வடமேற்கே நடப்பவருக்குத் தமிழ் எந்த ஊரில் முடிந்து மலையாளம் எந்த ஊரில் தொடங்குகிறது என்று காட்ட ஒரு வரப்பும் இருந்ததில்லை. வினைமுற்றின் பால், எண், இட விகுதிகள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன; சொற்கள் ஊருக்கு ஊர் இடம் மாறுகின்றன. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பேச்சுத்தமிழில் குடிக்கும் நீர் இன்றும் ‘வெள்ளம்’தான்.

இந்நிலத்தின் தமிழ்பேசும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1940களின் நடுவிலிருந்து முன்வைத்தது. வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முதன்மைத் தலைவரானார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை மட்டுமன்றி நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கோரிக்கையில் இருந்தன. 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 12 இடங்களைப் பெற்றது. அதாவது, மக்கள் சீகேமுக்கு வந்து விண்ணப்பத்தை வைத்தாயிற்று; வாக்குச்சீட்டின் வழியே முறைப்படி வைத்தாயிற்று.

விடை 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் வந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது; பலர் மாண்டனர். அப்போது ஆண்டவர் பட்டம் தாணுப்பிள்ளை. ஆண்ட கட்சி பிரஜா சோசலிஸ்டு. உழைப்பவரின் நுகத்தை இலகுவாக்கவே பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட கட்சி அது. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சுதந்திர இந்தியாவில் ஒரு சோசலிச அரசு மக்களைச் சுடுமாயின் அது பதவியில் நீடிக்கலாகாது என்ற நிலையெடுத்து, அமைச்சரவை விலகவேண்டும் என்றார். அவருக்கு அப்போது வயது 44, முதலமைச்சருக்கு 69. மூப்பரின் ஆலோசனை இளையவரிடமிருந்து வந்தது. கேளாமை மூத்தவரிடம் இருந்தது. லோகியாவின் சொல் ஏற்கப்படவில்லை. 1955 பிப்ரவரியில் அமைச்சரவை கவிழ்ந்தது; அதே ஆண்டில் கட்சியும் பிளந்தது. தேர் ஏறி ஓடிய அரசனின் கதையைப் பல்லாண்டாகக் கேட்டு வளர்ந்த நிலத்தில் இது நடந்தது. அன்றைய துப்பாக்கிச் சூட்டைச் ‘சட்டம் ஒழுங்கு’ என்ற தலைப்பின் கீழ் அடுக்கிவிட்டு, ரெகொபெயாமைக் குடும்ப வாழ்வின் எச்சரிக்கையாக மட்டும் பேசுவது எத்தகைய வாசிப்பு?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழவேண்டும். எல்லையை வகுத்தது தாணுப்பிள்ளை அல்லர். 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம். பசல் அலி, குன்சுரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவரும் 1,52,250 மனுக்களையும் கடிதங்களையும் பெற்றனர், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நேரில் கண்டனர், நாடெங்கும் சுற்றினர். இதற்கு மேலும் கேட்பது எங்ஙனம்?

ரெகொபெயாமும் கேட்டான் என்பதே விடை. கேட்டலின் அளவை மனுக்களின் எண்ணிக்கை சொல்லாது. எந்த விடைக்கு இடம் வைத்துக் கேட்கப்பட்டது என்பதே சொல்லும். எல்லைகளை ஊர் ஊராகப் பார்த்து வகுப்பதை ஆணையம் பொதுவாக விரும்பவில்லை. பெரிய நிருவாக அலகே அதன் அளவுகோல். மக்கள்தொகைக் கணக்கில் ஒருவருக்கு ஒரு தாய்மொழி. கிரியர்சனின் மொழியியல் அளவாய்வு தென்னிந்தியாவில் நேரடிக் களப்பணியாக நடைபெறவே இல்லை. ஆகவே, இரு மொழிக்கும் இடையே வாழ்ந்த ஒரு குடியானவர் தம் பேச்சைப் பற்றிச் சொல்லக்கூடிய உண்மைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அவர் தமிழர் என்று எழுதப்படலாம், மலையாளி என்று எழுதப்படலாம். தாம் பேசுவதை எழுதும் வழி இல்லை. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பொருளாதாரக் காரணம் மொழியை வென்றது. தென்வட்டங்களில் மொழி வென்றது. நெய்யாற்றின்கரையில் வட்டம் என்ற அலகு வென்றது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கோல். 1956 நவம்பர் 1ஆம் நாள் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன; நெய்யாற்றின்கரை வட்டம், அதனுள் பாறசாலையும் கள்ளிக்காடும், கேரளத்தில் நின்றன.

இதன் பொருள், நெய்யாற்றின்கரையும் தெற்கே சென்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதன்று. கோடு ஐந்து கல் வடக்கே விழுந்திருந்தால், இதே கட்டுரையை மலையாளத்தில் ஒருவர் எழுதவேண்டியிருந்திருக்கும். பிழை கோட்டின் இடத்தில் இருப்பதைவிட, கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் தூய இரு மொழிகள் வாழ்கின்றன என்ற கற்பனையில் இருக்கிறது. அந்தக் கற்பனையைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் சோறூட்டி வளர்க்கின்றன. விளவங்கோட்டுப் பேச்சைத் தமிழ்த்துறை ‘மலையாளக் கலப்பு’ என்கிறது. நெய்யாற்றின்கரைப் பேச்சை மலையாளத்துறை ‘தமிழ்க் கலப்பு’ என்கிறது. கலப்பு என்று சொல்ல, கலக்காத இரண்டு முன்பே இருந்திருக்கவேண்டும். அப்படி இருந்ததற்கு இந்நிலத்தில் சான்று காட்டுவோர் இல்லை. ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எல்லைக் கோட்டை ஏற்றுக்கொண்டு, ஐந்தாம் இயலில் அதற்கு மொழிச்சான்று கண்டுபிடிப்பது, முன்பே எடுத்த முடிவுக்கு ஆலோசகர் தேடிய அந்த மூன்று நாளின் மறுபதிப்பு.

முடிவின் பின்விளைவு எவ்வளவு நீளும் என்பதற்கு நெய்யாறே சான்று. அகத்தியமலையில் பிறந்து, கள்ளிக்காட்டருகே அணையில் தேங்கி, பூவாற்றில் கடல் சேரும் ஆறு அது. பாசனத் திட்டம் தொடங்கியது மாநிலப் பிரிவினைக்கு முன்பு, ஒரே அரசின் கீழ். அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களையும் கருதியே வகுக்கப்பட்டது. அணை முடிந்தது 1958இல். அதற்குள் தலைவாய் ஒரு மாநிலத்திலும் கடைமடை மற்றொரு மாநிலத்திலும் ஆகிவிட்டன. விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் அந்நீரை நம்பியது. 2004இல் கேரளம் நீரை நிறுத்தியது. நெய்யாறு முழுதும் தன் எல்லைக்குள் ஓடுவது, ஆகவே மாநிலங்களுக்கிடையிலான ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம். ஒரே நாடாய் இருந்தபோது இரு பகுதிக்குமாகக் கட்டியதன் பயன் கோடு விழுந்ததால் அற்றுப்போகாது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆற்றின் தன்மையைத் தீர்மானிப்பது மலையா, மழையா, 1956ஆம் ஆண்டுச் சட்டமா என்பதே வழக்கின் உயிர்நாடி. பொதுத்தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு. விளவங்கோட்டில் வெள்ளம் என்றால் நீர். அந்த வெள்ளம் கால்வாயின் கடைமடைக்கு வருவதில்லை.

பின்விளைவு வயலோடு நிற்கவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென் திருவிதாங்கூர் ஒரே பேராயமாய் இருந்தது. மாநிலக் கோடு விழுந்து மூன்றே ஆண்டில், 1959இல், அப்பேராயம் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. நிருவாக வசதி, மொழி வசதி எனக் காரணங்கள் இருந்திருக்கும். அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று கேட்கப்படவேண்டும். அரசின் கோட்டை ஆராயாமல் தன் உடம்பில் வரைந்துகொண்ட சபை, பிரிந்த இரு நாடுகளின் கதையை எந்தக் குரலில் வாசிக்கும்? பாறசாலையில் இன்று பிறக்கும் பேரன் மலையாள விவிலியத்தை வாசிக்கிறான். அவன் பாட்டன் தமிழ் விவிலியத்தை வாசித்திருக்கக்கூடும். இருவருக்கும் இடையே ரெகொபெயாம் மட்டும் பொது.

பள்ளியும் அப்படியே. மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் 350அ என்ற உறுப்பைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்யவேண்டும். கோட்டைக் கிழித்த கையே கட்டுக்கட்டும் துணியையும் நீட்டியது. பின்னர் நடந்தது வேறு. 2006இல் தமிழ்நாடு தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது; 2017இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆட்சிமொழியைக் கற்பிப்பது குற்றமன்று. ஆனால் இரு சட்டங்களும் எல்லையோரத்துக் குழந்தையைத் தலைநகரத்துக் குழந்தையின் அச்சில் வார்க்கின்றன. களியக்காவிளைக்குத் தெற்கே மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும், வடக்கே தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் நேர்வது ஒரே இழப்பு. ஒருவர் இழப்பைக் காட்டி மற்றவர் இழப்பை நியாயப்படுத்துவதே இரு மாநில மொழியரசியலின் வழக்கமாயிற்று.

இந்த இடத்தில் தென்குமரியின் விழாமேடைகளையும் சும்மா விடுவதற்கில்லை. நவம்பர் 1 இணைப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது, தியாகிகளுக்கு மாலை விழுகிறது, அது உரியதே. ஆனால் கோரிக்கையில் இருந்து கோட்டுக்கு அப்பால் விடப்பட்ட மக்களின் பெயர் அம்மேடைகளில் எத்தனை முறை ஒலிக்கிறது? கிடைத்ததை வெற்றி என்றும் விட்டதை மறதி என்றும் பங்கிட்டுக்கொண்ட பின், நெய்யாறு வறண்டதும் ‘நம் நீர்’ என்று முழங்குவது ஞானத்தின் வழியன்று. அணைக்கரையில் வாழ்பவரோடு ஐம்பதாண்டு பேசாதவர், ஆற்றைப் பற்றி மட்டும் அவரோடு எப்படிப் பேசுவார்?

மற்றோர் எதிர்வாதம் கல்விப்புலத்திலிருந்து வரும்: மூவாயிரம் ஆண்டு முந்தைய சீகேமை 1954இன் மார்த்தாண்டத்தோடு ஒப்பிடுவது காலமுரண் அல்லவா? நிகழ்ச்சிகளை ஒன்றென்று சொன்னால் முரண்தான். இங்கே ஒப்பிடப்படுவது முடிவெடுக்கும் முறை. விண்ணப்பம், தவணை, ஆலோசனை, முன்முடிவு, வன்சொல், பிளவு என்ற வரிசையைப் பண்டைய நூல் ஒன்று இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறது. எந்தச் சமூகம் அந்நூலைத் தன் அறநூலாக ஏற்றிருக்கிறதோ, அச்சமூகத்தின் வரலாற்றை அதன் அளவுகோலால் அளப்பதற்கு அன்னியரிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

எல்லையைப் பேசுவோர் நீதிமொழிகளின் எல்லைக்கல் பற்றிய எச்சரிக்கையையும் சிலவேளை துணைக்கு அழைப்பர்: முன்னோர் நட்ட கல்லைப் பெயர்க்காதே. அது ஈரிடத்தில் வருகிறது; இரண்டாமிடத்தில் தந்தையற்றோரின் நிலத்தைச் சொல்லி முடிகிறது. எகிப்திய ஞானநூலான அமெனெமோப்பேயின் போதனையிலும் இணையான அறிவுரை உண்டு; அங்கே காக்கப்படுவது கைம்பெண்ணின் வரப்பு. இரு நூல்களிலும் கல் நிற்பது எளியவரின் வயலோரத்தில். மாநில அரசுகளின் சோதனைச்சாவடிக்கு அதைக் காவல் நிறுத்துவது நூலைத் தலைகீழாய்ப் பிடிப்பதாகும். இந்நிலத்தில் முன்னோர் நட்டவை சந்தையும், கால்வாயும், இரு மொழியிலும் விளங்கும் பேச்சும். பெயர்க்கப்பட்டவை அவையே.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? ரெகொபெயாமின் கதை தேரோடு முடியவில்லை. எருசலேமுக்கு ஓடியவன் ஓரிலட்சத்து எண்பதாயிரம் வீரரைத் திரட்டினான், பிரிந்தவரை வாளால் மீட்க. அப்போது சேமாயா என்ற இறைவாக்கினன் வந்து, அவர்கள் உன் சகோதரர், போருக்குப் போகாதே என்றான். அரசன் கேட்டான், படை வீடு திரும்பியது. நாடு மீண்டும் சேரவில்லை, முதல் முடிவின் விளைவு அழியவில்லை. ஆனால் அதன்மேல் இரத்தம் சேரவில்லை. மேடைகளில் அரிதாகவே ஒலிக்கும் இப்பகுதியே எல்லைவாழ் மக்களுக்கு மிகத் தேவையானது. மதியீனமான முடிவைத் திருப்ப முடியாதபோதும், அதன் விளைவை எவ்வளவு தூரம் ஓடவிடுவது என்பது அடுத்து வருபவரின் செவியைப் பொறுத்தது.

1956இன் கோட்டை அழிக்க எவரும் கேட்கவில்லை. நெய்யாற்று நீருக்கு வழக்கறிஞர்கள் பேசுவது போதாது, இரு கரை உழவரும் ஒரு மேசையில் அமரவேண்டும். 350அ உறுப்பு இருபுறமும் பள்ளிக்கூடத்தின் வாசலுக்குள் வரவேண்டும். தன் மொழிச் சிறுபான்மைக்குக் கேட்பதை எதிர்ப்புறத்துச் சிறுபான்மைக்கும் கேட்கும் நேர்மை இயக்கங்களுக்கு வேண்டும். மொழியியல் துறைகள் ‘கலப்பு’ என்ற சொல்லைக் கைவிட்டு, பாறசாலை முதல் குழித்துறை வரை ஊர் ஊராய் நடந்து, மக்கள் பேசுவதைக் கோடின்றி எழுதவேண்டும். இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்யத்தக்க வேலை அது, இன்றே தொடங்கத்தக்கது. இறையியல் வகுப்புகள் ரெகொபெயாமைக் குடும்ப ஆலோசனைக் கையேட்டிலிருந்து மீட்டு, அவனுக்குரிய இடமாகிய அரசியலில் நிறுத்தவேண்டும்.

சாலொமோன் கேட்டது கேட்கும் இதயம். அதை அவன் மகன் மரபுரிமையாகப் பெறவில்லை. அது மரபுரிமையாக வருவதும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும், ஒவ்வொரு துறையும், ஒவ்வோர் அரசும் புதிதாய் வேண்டிப் பெறவேண்டிய ஒன்று அது. நெய்யாற்றின் இரு புறத்தாரும் வைத்த விண்ணப்பம் இன்னும் விடையின்றிக் கிடக்கிறது. மூன்று நாள் தவணை எப்போதோ முடிந்துவிட்டது.